தூங்கி எழுந்தால் வரும் ஊர்

கேள்வி: பெங்களூரு ராஜாஜிநகரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. இந்தியாவின் 28 மாநிலத் தலைநகரங்களையும் மகள் மளமளவென்று ஒப்பிப்பாள். ஆனால் மேப்பில் கர்நாடகாவைக் காட்டச் சொன்னால் ராஜஸ்தான்மேல் விரலை வைக்கிறாள். மகனுக்கு இதில் ஆர்வமே இல்லை. உலக உருண்டை, மேப் புதிர், ஃப்ளாஷ் கார்டு எல்லாம் வாங்கியாயிற்று. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் மாமனார் தனியாக இருந்து விவசாயம் பார்க்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம். எப்போதும் ராத்திரி ரயில்தான். குழந்தைகள் தூங்கிவிடுவதால் தொந்தரவு இல்லை. ஒருநாள் யாரோ "தாத்தா ஊர் எங்கே இருக்கு?" என்று கேட்டதற்கு, மகள் "தூங்கி எழுந்தா வரும்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். நம் நாட்டைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர அடுத்து என்ன வாங்கலாம்?

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம். வாங்கினதில் பாதியைப் பரண்மேல் போடுங்கள்.

இந்த மாதிரிக் கடிதங்களை நான் நிறையப் படித்துவிட்டேன். அடுத்த வீட்டுப் பையன் கொடியைப் பார்த்தே நாட்டின் பெயரைச் சொல்கிறான், எங்கள் பிள்ளை சொல்லவில்லை என்பார்கள். ஆறு வயதில் கர்நாடகாவும் ராஜஸ்தானும் இடம் மாறினால் குடி முழுகிவிடாது. மேப் என்பது ஆகாயத்திலிருந்து குனிந்து பார்க்கிற பார்வை. தன் தெருவையே அப்படிப் பார்த்திராத குழந்தைக்கு அது கலர் கலரான துண்டுகள், அவ்வளவுதான். அந்தக் கவலையை இத்தோடு விடுங்கள்.

நான் நின்றுபோனது வேறு இடத்தில். "ராத்திரி ரயில்தான், தூங்கிவிடுவதால் தொந்தரவு இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்ததாகவே மகள் சொன்ன பதிலும், நீங்கள் எல்லோரும் சிரித்ததும் வருகிறது. எதற்கம்மா சிரித்தீர்கள்? அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பெங்களூரில் கண்ணை மூடினால் கும்பகோணத்தில் திறக்கலாம், நடுவில் ஒரு போர்வை. அந்தப் பயணத்தில் நீங்கள் அவளுக்குக் காட்டியது அவ்வளவுதானே? திஸ்பூரும் இட்டாநகரும் வாயில் நுழைகிற பிள்ளைக்கு, அப்பாவைப் பெற்றவர் இருக்கிற திசை தெரியவில்லை. எனக்கு இது சிரிப்பாக இல்லை.

அப்படி என்ன தொந்தரவு? விழித்திருந்தால் என்ன கேட்பார்கள்? இது என்ன ஊர், அந்த மலைக்குப் பேரென்ன, பாலம் எப்போது வரும், இன்னும் எவ்வளவு தூரம். இந்தக் கேள்விகளை வரவழைக்கத்தானே காசு கொடுத்து அட்டை வாங்கினீர்கள்? சேலம் தாண்டி நடுநிசியில் உங்கள் ரயில் காவிரியைக் கடக்கிறது. அந்தச் சத்தம்கூட எழுப்பிவிடாதபடி போர்த்திவிட்டிருப்பீர்கள்.

அடுத்த தடவை பகலில் பஸ்ஸில் போங்கள். ஒரு நாள் முழுக்க ஆகும், ஆகட்டும். அத்திப்பள்ளி தாண்டினதும் கடைப் பலகைகளில் கன்னட எழுத்து போய்த் தமிழ் எழுத்து வரும். "எல்லை" என்றால் என்ன என்று அதைக் காட்டிச் சொன்னால் நாலு வயதுப் பையனுக்கும் புரியும். பெங்களூரு இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில். கும்பகோணம் நூறு அடியைக்கூட எட்டாது. ஆக, தாத்தா வீட்டுக்குப் போவதென்றால் இறங்கிப் போவது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் பஸ் வளைந்து இறங்கும்போது இதை வயிறே சொல்லிக்கொடுத்துவிடும். பெங்களூரில் போட்ட ஸ்வெட்டரை எந்த ஊரில் கழற்றினோம் என்று பையனைச் சொல்லச் சொல்லுங்கள். ஆர்வமில்லை என்கிறீர்களே, அப்போது பாருங்கள்.

சேலத்தில் சாப்பிடுங்கள். நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சி போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். வாழைத்தோப்புகளும் காவிரியும் கூடவே வரும். திருச்சிக்குள் நுழைகையில் முதலில் ஒரு பெரிய பாலம், அது கொள்ளிடம். கொஞ்சத்தில் இன்னொன்று, அது காவிரி. இரண்டும் முக்கொம்பில் பிரிந்த ஒரே ஆறு. நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தீவு என்ற சொல்லை அட்டையில் தென்னைமரம் போட்டுச் சொல்லித் தந்திருப்பீர்கள். இங்கே மகள் அதன் குறுக்கே பஸ்ஸில் போய்விடுவாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவைதானே, மற்ற நாளில் என்ன செய்ய என்று கேட்பீர்கள். சமையலறைக் குழாயைத் திறங்கள். உங்கள் பகுதிக்கு வருவது காவிரித் தண்ணீர். மண்டியா மாவட்டம் தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் மேலே ஏற்றி அனுப்புகிறார்கள். 1974-லிருந்து இது நடக்கிறது. தலைக்காவிரியில் பிறந்த ஆறு, கிருஷ்ணராஜ சாகர் அணையைத் தாண்டி வருகிற வழியில் ஒரு பங்கு மட்டும் மேட்டேறி உங்கள் வீட்டு சம்ப்புக்குள் வந்து விழுகிறது. மீதி ஒகேனக்கல், மேட்டூர், கல்லணை என்று உங்கள் மாமனார் வயலுக்குப் போகிறது. இன்னொன்றும் சொல்கிறேன், பெரியவர்கள் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்க வேண்டியது. ராஜாஜிநகர்ப் பக்கத்துச் சாக்கடை விருஷபாவதிக்குப் போகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி கனகபுரா பக்கம் சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது. பேத்தி குளித்த தண்ணீரும் கடைசியில் தாத்தா ஊர்த் திசையில்தான் போகிறது.

இதைச் சொல்லும்போது தண்ணீர்ச் சண்டையை நடுவில் இழுக்காதீர்கள். அது பெரியவர்கள் பாடு. கீழ் வீட்டில் மண்டியாக்காரரோ குடகுக்காரரோ இருந்தால், "உங்க ஊரில் மழையா அங்கிள்?" என்று குழந்தைகளைக் கேட்கப் பழக்குங்கள். அங்கே பெய்தால்தான் இங்கே குழாயிலும் வரும், தாத்தா வாய்க்காலிலும் வரும் என்பது தானாக விளங்கும். பிறந்து வளர்கிற ஊரை "இது நம்ம ஊர் இல்லை" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு ஊர் இரண்டு. ஒரே ஆறு.

இப்போது உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுக்க அவர் எங்கே என்று தேடினேன், வேலைக்குப் போகிறார் என்பதோடு சரி. அந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவர் அவர். எந்த மதகில் குதித்தார், எந்த வாய்க்காலில் செருப்பை விட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய அப்பா சும்மா இருக்க, அம்மா கடை கடையாக உருண்டை வாங்குகிறார். இந்தப் பத்தியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

மாமனாருக்கும் ஒரு வேலை கொடுங்கள். குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். தண்ணீர் போதாத வருஷம் தள்ளிப்போகும். திறந்த மூன்று, நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும். திறந்த அன்றைக்கு மகள் காலண்டரில் ஒரு வட்டம் போடட்டும். தன் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டுகிற அன்றைக்குத் தாத்தா பேத்தியிடமே போன் போட்டுச் சொல்லட்டும், உங்களிடம் வேண்டாம். அவள் இரண்டாவது வட்டம் போடுவாள். நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணுவாள். தூரம் என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொள்வாள். தனியாக இருக்கிற மனிதருக்கும் சொல்ல ஒரு சேதி, கேட்க ஒரு ஆள்.

இரண்டு நாள் போய்விட்டு ஓடிவருவதையும் மாற்றுங்கள். பெற்றவரைப் பார்க்கப் போவதை லீவு நாள் கணக்கில் வைக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. எழுதுகிறவளுக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் பேசுவேன். ஆடிப் பதினெட்டை ஒட்டி ஐந்து நாளாவது போங்கள். ஆற்றங்கரையில் கலந்த சாதம் சாப்பிட்டுவிட்டு, இந்தத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தாத்தா கேட்கட்டும். மகள் மேற்கே கையை நீட்டுகிறாளா என்று பாருங்கள். ராஜஸ்தானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை இருவருக்கும் முறைவைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் கிருஷ்ணகிரி வருவதற்குள் அடிதடி ஆகிவிடும். எலுமிச்சம்பழமும் இரண்டு பிளாஸ்டிக் பையும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். தொப்பூரில் தேவைப்படும்.