தொழில்நுட்பம் தெரியாத அப்பாவுக்கு விலை குறைந்த, எளிமையான டிஜிட்டல் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டார், போனில் படம் எடுப்பது அவருக்குப் பிடிபடவில்லை, மெனுவுக்குள் போய் நோண்டும் பொறுமை கிடையாது, அதிக விலையும் போட முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு சில வருடங்களுக்கு முன் நானும் அலைந்தேன். என் வீட்டில் அம்மாவுக்காக. முதல் தடவை ஏமாந்தேன், இரண்டாவது தடவைதான் சரியாக அமைந்தது. ஏமாந்த கதையிலேயே பாதிப் பதில் இருப்பதால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் வாங்கியது பெயர் தெரியாத ஒரு குட்டிக் கேமரா. பெட்டி மேல் '48 மெகாபிக்சல்', '16 மடங்கு ஜூம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலையோ மற்றவற்றில் பாதிகூட இல்லை. அம்மா எடுத்த முதல் படத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் முகம் உருகிய மெழுகு மாதிரி இருந்தது. அம்மா தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். எனக்கும் இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: ஜூம் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கேமராவின் லென்ஸ் அசையவே இல்லை. ஃபோகஸ் ஒரே தூரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது, அவ்வளவுதான். 48 மெகாபிக்சலும் (அதாவது 4.8 கோடி புள்ளிகள்) அதே வித்தைதான். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர். அந்தச் சின்ன சென்சார் பார்த்தது கொஞ்சம், மிச்சப் புள்ளிகளை மென்பொருள் குத்துமதிப்பாக இட்டு நிரப்பியது. 'இன்டர்போலேஷன்' என்ற சொல் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. யார் அதைப் படிக்கிறார்கள்?

அதனால் கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. கேமராவை ஆன் செய்யுங்கள். லென்ஸ் வெளியே நீண்டு வர வேண்டும். ஜூம் செய்தால் முன்னும் பின்னும் நகர வேண்டும். பெட்டியில் 'ஆப்டிகல் ஜூம்' என்று தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர் புகாத கேமராக்கள் சிலவற்றில் மட்டும் லென்ஸ் உள்ளுக்குள்ளேயே நகரும், அவை விதிவிலக்கு. மற்றபடி லென்ஸ் அசையாத மலிவுக் கேமராவைப் பொம்மை என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

மெகாபிக்சலைப் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன், அப்புறம் அந்தப் பேச்சே வேண்டாம். வழக்கமான 6×4 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1800×1200 புள்ளிகள் போதும். அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். ஏ4 அளவில் போட்டால் 9-க்குள். 4கே டிவி முழுக்கப் படத்தை நிரப்பினாலும் சுமார் 8 தான். இப்போது வருகிற உருப்படியான கேமராக்களில் 16 அல்லது 20 இருக்கிறது, அது தாராளம்.

படம் நன்றாக வருமா என்பதில் சென்சாரின் அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. மலிவுக் கேமராக்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குலம் என்கிற வகை இருக்கும். நிஜத்தில் அது சுமார் 6.2×4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. அடுத்த படியில் இருப்பது '1 அங்குல' வகை, 13.2×8.8 மில்லிமீட்டர். பரப்பில் நான்கு மடங்கு. (அளந்து பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) பெரிய சென்சார் அதிக வெளிச்சத்தை வாங்கும், எனவே வீட்டுக்குள்ளும் மாலையிலும் படம் சுத்தமாக வரும். ஆனால் புதிதாக வாங்கினால் விலை எகிறிவிடும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் ஓரளவு நல்ல போன் ஒன்று மலிவுக் கேமராவைத் தோற்கடித்துவிடும். போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, கலந்து, ஒன்றாக்கிக் கொடுக்கிறது. சின்னக் கேமராக்களில் அந்தச் சாமர்த்தியம் குறைவு. அப்பாவிடம் ஏற்கெனவே நல்ல போன் இருந்து, எடுப்பதெல்லாம் வீட்டுக்குள் பேரப்பிள்ளைகளைத்தான் என்றால், கேமரா வாங்குவதை விட அவர் போனின் முகப்பில் கேமராவைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடுவது நல்ல யோசனை. பகலில் வெளியே எடுப்பார், தூரத்தில் இருப்பதை எடுக்க ஆசை, விரலுக்கு அழுத்தும் பொத்தான் வேண்டும், நடுவில் யாரும் அழைக்கக் கூடாது என்றால்தான் கேமரா. என் அம்மாவுக்கு அந்தக் கடைசிக் காரணம்தான். படம் எடுக்கும்போது அழைப்பு வந்தால் கலவரமாகிவிடுவார்.

சரி, இரண்டாவது கேமராவுக்கு வருவோம். இந்தத் தடவை அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போனேன். விற்பனையாளர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார், நான் அம்மாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கேமராவில் அவருடைய இடது கை விரல் ஒவ்வொரு முறையும் லென்ஸின் ஓரத்தை மறைத்தது. இன்னொன்றில் ஆன் செய்யும் பொத்தானும் படம் எடுக்கும் பொத்தானும் ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில். படம் எடுக்கப் போய்க் கேமராவை அணைத்தார், மூன்று முறை. மூன்றாவது கேமராவில் படம் எடுக்கும் பொத்தான் பெரிதாக, ஜூம் வளையத்துக்கு நடுவில் கொஞ்சம் மேடாக இருந்தது. பார்க்காமலேயே விரல் அங்கே போயிற்று. இந்த ஐந்து நிமிடம் சொன்னதை எந்த விமர்சன வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா கூட வர முடிந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், அரை அழுத்தம். கேமராவின் பொத்தானுக்கு இரண்டு படிகள். பாதி அழுத்தினால் ஃபோகஸ் பிடிக்கும், திரையில் பச்சைக் கட்டம் வரும், பெரும்பாலும் 'பீப்' என்று சத்தமும் வரும். மீதியை அழுத்தினால் படம். போனில் தட்டிப் பழகியவர்கள் ஒரே குத்தாகக் குத்துவார்கள், கேமராவே ஒரு ஆட்டம் ஆடும், படம் கலங்கிவிடும். அம்மாவிடம் "சத்தம் வருகிற வரை மெதுவாக அழுத்துங்க, வந்தபிறகு இன்னும் கொஞ்சம்" என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் பழகிவிட்டார். அதனால் அந்த 'பீப்' ஒலியை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

வயதானவர்களுக்குக் கை லேசாக நடுங்கும், ஜூம் செய்தால் அந்த நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். இதற்காகத்தான் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் என்ற வசதி. லென்ஸுக்குள் ஒரு பகுதியே நகர்ந்து ஆட்டத்தை ஈடுகட்டும். விவரப்பட்டியலில் 'டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன்' என்று இருந்தால் அது வேறு, படத்தைப் பொறுத்தவரை பெரிய உதவி இல்லை. 2017-இல் கேனான் வெளியிட்ட இக்ஸஸ் 185, இக்ஸஸ் 190 இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 190-இல் 10 மடங்கு ஜூமும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனும் உண்டு. 185-இல் 8 மடங்கு ஜூம், ஸ்டெபிலைசேஷன் டிஜிட்டல்தான். விலை கொஞ்சம் கூடினாலும் கை நடுங்குபவருக்கு 190 தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓடுகிற குழந்தையை மட்டும் எந்த ஸ்டெபிலைசேஷனும் நிறுத்தி வைக்காது, அது ஈடுகட்டுவது எடுப்பவரின் கையாட்டத்தை மட்டுமே.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். படம் எடுப்பது எந்தக் கேமராவிலும் எளிதுதான், எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் 'ஆட்டோ' அமைப்பில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கஷ்டமெல்லாம் எடுத்த படத்தைக் கேமராவிலிருந்து வெளியே கொண்டுவருவதில். எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் நல்ல கேமராக்கள் அலமாரியில் தூங்குகின்றன. பழுது எதுவும் இல்லை. மெமரி கார்டில் இருக்கிற படத்தை எப்படி எடுப்பது என்று தெரியாமல், மகனோ மகளோ வரட்டும் என்று காத்திருந்து, அப்படியே விட்டுவிட்டார்கள். எடுத்த படத்தை யாரிடமும் காட்ட முடியவில்லை என்றால் எத்தனை நாளைக்கு எடுப்பார்?

விற்பவர்கள் இதற்கு "வைஃபை இருக்கு, ஆப் போட்டுக்கலாம்" என்பார்கள். முதல் தடவை இணைக்கவே எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. போனின் வைஃபையைக் கேமராவுக்கு மாற்ற வேண்டும், நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், போனை மாற்றினால் மறுபடியும் அதே பாடு. தொழில்நுட்பத்தில் ஆர்வம் இல்லாதவருக்கு இது சரிப்படாது. போனின் சார்ஜ் துளையில் செருகுகிற சின்ன கார்டு ரீடர் ஒன்று வாங்கிக்கொடுங்கள். கார்டைக் கழற்று, ரீடரில் போடு, போனில் செருகு, படம் தெரியும். கையால் தொட்டுச் செய்கிற வேலை என்பதால் மனதில் நிற்கிறது. அம்மா இப்போது தானே செய்து குடும்பக் குழுவில் அனுப்புகிறார். ஒரு எச்சரிக்கை: கார்டு எஸ்டி அளவில் இருக்கட்டும். மைக்ரோ எஸ்டி என்றால் நகத்தளவுதான், விரலில் பிடிபடாது, கீழே விழுந்தால் தேடித் தீராது. 2025-இல் கேனான் தன் பழைய இக்ஸஸ் 285 எச்எஸ் மாடலைச் சில மாற்றங்களோடு மறுபடி கொண்டுவந்தபோது மைக்ரோ எஸ்டிக்கு மாறிவிட்டது. நல்ல கேமராதான், ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகவே பெரியவர்களுக்கு வாங்குமுன் யோசிப்பேன்.

கார்டு 32 ஜிபி போதும். 20 மெகாபிக்சல் படம் ஒன்று சராசரியாக 5 முதல் 8 எம்பி வரை வரும், எனவே நாலாயிரம் படங்களாவது கொள்ளும். அதற்கு மேல் பெரிய கார்டு போட்டால் பழைய கேமராக்கள் சிலவற்றுக்குப் படிக்கத் தெரியாது.

பேட்டரி இரண்டு வகை. கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 போன்றவை இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், மாற்றுவதும் டார்ச்சில் மாற்றுவது போலத்தான். சார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி நான்கு வாங்கி வைத்தால் கவலையில்லை. அதே வரிசையில் எஃப்இசட்55 லித்தியம் பேட்டரியில் ஓடும், மெலிதாகவும் இருக்கும். லித்தியம் என்றால் ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படங்கள் என்று எதிர்பாருங்கள். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஆனால் இன்னும் நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய கேமராக்களில் யுஎஸ்பி-சி கட்டாயம் என்று சட்டம் போட்டதால் புது மாடல்களில் அது பரவலாக வருகிறது.

கடையில் பெரிய தேர்வு இருக்காது, அதிர்ச்சி அடைய வேண்டாம். 2010-இல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின, 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே. போன் வந்து முதலில் விழுங்கியது மலிவுக் கேமராக்களைத்தான். அதனால் செகண்ட் ஹேண்டிலும் பார்க்கலாம். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-இன் முதல் மாடலில் நான் சொன்ன அந்த '1 அங்குல' சென்சார் இருக்கிறது. மெனு காடு மாதிரி இருக்கும், ஆனால் ஆட்டோவில் வைத்துக் கொடுத்துவிட்டால் அப்பா அதற்குள் போகவே வேண்டாம். பழைய கேமரா வாங்கும்போது ஜூமை நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டி, கரகர சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உள்ளே தூசி இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் நீங்கள் உட்கார வேண்டும். தேதியைச் சரியாக வையுங்கள், இல்லாவிட்டால் படங்களெல்லாம் ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி 1-இல் போய் விழும். டிஜிட்டல் ஜூமை (படத்தை வெட்டி இழுத்துப் பெரிதாக்குகிற அந்த ஜூமை) அணையுங்கள், ஆப்டிகல் ஜூம் முடிகிற இடத்தில் நின்றுவிடும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மணிக்கட்டுக் கயிற்றை நீங்களே மாட்டிவிடுங்கள், பெட்டியில் விட்டால் பெட்டியிலேயே இருக்கும். எடுத்த படத்தைப் பார்க்கும் பொத்தான் மேல் நான் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்தேன். அழிக்கும் பொத்தான் அதற்கு நேர் கீழே இருந்தது, புள்ளி வைத்தபிறகு குழப்பம் வரவில்லை.

அம்மாவின் கார்டைப் போன வாரம் பார்த்தேன், 212 படங்கள். பாதிக்கு மேல் ஒரே பூனை, அதுவும் முதுகும் வாலும்தான். 'பீப்' வரும் வரை அம்மா பொறுமையாகக் காத்திருக்கிறார், பூனை காத்திருப்பதில்லை.