மூன்றாம் நாள் காலையில் பாதிப் பணத்தைக் காணோம்!

கேள்வி: நானும் என் கணவரும் எட்டு நாள் விடுமுறைக்கு வெளிநாட்டுத் தீவு ஒன்றுக்கு வந்திருக்கிறோம். விமான டிக்கெட், அறை வாடகை எல்லாம் முன்பே கட்டியாயிற்று. மற்ற செலவுக்கென்று தனிக் கணக்கில் பணம் போட்டு, அதன் டெபிட் கார்டோடு வந்தோம். அந்தத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாள் முடிந்த நிலையில் இருப்பு 52தான். ரிசார்ட்டில் சேரும்போதே 20 எடுத்துக்கொண்டார்கள். படகுக்குப் போகவர 8, ஐந்தாம் நாள் பவளப்பாறை பார்க்கப் போவதற்கு 6. மிச்சம் 14 சாப்பாடு, கடை என்று போனது. ஒரு பெட்டி எங்களோடு வராமல் மறுநாள்தான் வந்ததால் மாற்றுத் துணி வேறு வாங்கினோம். இரவுச் சாப்பாட்டை மட்டும் அறைக் கணக்கில் எழுதச் சொல்லியிருக்கிறோம். இது போக, ஏர்போர்ட் ஏடிஎம்மில் கணவரின் கிரெடிட் கார்டில் கொஞ்சம் ரொக்கம் எடுத்தோம். தொகையை எங்கள் நாட்டுப் பணத்திலேயே திரை காட்டியதால் வசதி என்று சரி கொடுத்துவிட்டோம். டாக்சிச் செலவைக் குறைக்க நாளை ஸ்கூட்டர் எடுக்கலாம் என்கிறார் அவர். பாதி விடுமுறை போவதற்குள் கை காலியாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டு நாளில் 48 போனால் எட்டு நாளுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்குதான் தப்பு. கடற்கரை விடுமுறையில் செலவு நாள்தோறும் ஒரே அளவாக வராது. முதல் இரண்டு நாளில் கும்பலாக வந்து விழும். படகுக்குத் திரும்பும் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள், ஐந்தாம் நாள் செலவையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்கள். எட்டும் ஆறுமான அந்த 14 இனி வராது.

அடுத்து அந்த 20. அது பெரும்பாலும் செலவே இல்லை. சேரும்போது ரிசப்ஷனில் கொடுத்த ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். முன் அனுமதி (pre-authorization) என்று போட்டிருந்தால், ரிசார்ட் அந்தப் பணத்தை எடுக்கவில்லை, நீங்கள் தொடாதபடி உங்கள் வங்கியிடம் நிறுத்தி வைத்திருக்கிறது. வங்கி ஆப்பிலும் அது ‘பெண்டிங்’ என்றுதான் இருக்கும். மினிபாரில் குடித்தது, அறையில் உடைத்தது, கணக்கில் எழுதியது, இவற்றுக்கான பிணை அது. சிக்கல் என்னவென்றால், கிரெடிட் கார்டில் இப்படி நிறுத்தினால் உங்கள் வரம்புதான் குறையும். டெபிட் கார்டில் நிறுத்தினால் கையிலிருக்கும் சொந்தப் பணமே முடங்கிவிடும். அறையைக் காலி செய்தபின் விடுவிப்பார்கள் என்றாலும், கணக்கில் திரும்பத் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆவது சகஜம். சில வங்கிகள் 30 நாள்கூட இழுக்கும். ஆகவே இந்தப் பயணம் முடியும்வரை அந்த 20 இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதேகூட ரிசப்ஷனில் பேசி, டெபிட் கார்டில் வைத்ததை ரத்து செய்து கிரெடிட் கார்டுக்கு மாற்றச் சொல்லலாம். பல இடங்களில் சம்மதிப்பார்கள். ஆனால் ரத்து செய்த பணம் அன்றைக்கே வந்துவிடும் என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

சரி, அன்றாடச் செலவு என்று பார்த்தால் சாப்பாடு, கடை என்று போன இன்னொரு 14 மட்டும்தான். ஒரு நாளைக்கு 7. கையில் இருக்கும் 52-ஐ மீதி ஆறு நாளுக்குப் பிரித்தால் தினம் எட்டரைக்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? இங்கேதான் நான் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பேன். இரவுச் சாப்பாடு அந்த 14-இல் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்த ஒவ்வொரு இரவும் அறைக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதிலும், மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்குப் பொருள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், வரி 7 சதவீதம் என்றால் 17 என்று கூட்டக்கூடாது. பல நாடுகளில் சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல்தான் வரி. 100 என்று அச்சிட்ட சாப்பாடு 110 ஆகி, அப்புறம் 117.70 ஆகும். வரி அதிகமுள்ள தீவுகளில் இன்னும் எகிறும். இன்று காலையே ரிசப்ஷனில் இதுவரையான பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அரசு வாங்கும் சுற்றுலா வரி உங்கள் வாடகையில் அடங்கியிருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்; மாலத்தீவில் வாங்கும் பசுமை வரி அப்படிப்பட்டதுதான். அந்த பில் தொகையை 52-இல் கழித்தபின் மிஞ்சுவதுதான் உங்கள் பணம்.

ஏடிஎம் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் திரை வசதிக்காகக் காட்டியது அல்ல. உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிட ஒப்புக்கொண்டால், மாற்று விகிதத்தை ஏடிஎம் வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு வைப்பார். விசா, மாஸ்டர்கார்டு விகிதத்தைவிட 4, 5 சதவீதம் மோசமாக இருப்பது சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. கடைகளிலும் இதே கதைதான். கடைக்காரர் கார்டு மெஷினை உங்கள் பக்கம் திருப்பும்போது இரண்டு நாட்டுப் பணமும் மேலும் கீழுமாக இருக்கும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். அவரே அழுத்திக் கொடுத்தால், ரத்து செய்து திரும்பப் போடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சமே வேண்டாம்.

அதைவிட அவசரமானது, எடுத்தது கிரெடிட் கார்டில் என்பது. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குப் பொதுவாகக் கிடையாது. எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு. பில் வரட்டும் என்று இருக்காமல் இன்றே ஆப்பில் அந்தத் தொகையைக் கட்டிவிடுங்கள். 52 குறைகிறதே என்று பதற வேண்டாம், அந்த ரொக்கம் உங்கள் பர்ஸில்தானே இருக்கிறது. இனி ரொக்கம் வேண்டுமென்றால் டெபிட் கார்டில், ஒரே தடவையில் தேவையான அளவு எடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிக்கும் ஏடிஎம்கள்தான் சுற்றுலா இடங்களில் அதிகம்.

பெட்டி வந்துவிட்டதால் அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான நாடுகள் ஏற்றுள்ள 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி தாமதமானதால் ஏற்பட்ட நியாயமான செலவை விமான நிறுவனத்திடம் கேட்கலாம். பெட்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் இதன் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அதற்காக அவ்வளவும் கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. ரசீது உள்ள செலவுக்குத்தான் பணம். ஒரு மாற்றுத் துணி, பல்துலக்கும் பிரஷ், நீச்சலுடை என்றால் வாதாடலாம். ரிசார்ட் கடையின் பட்டுச் சால்வைக்கு வாய்ப்பு குறைவு. விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்த புகார்ப் படிவம், பெட்டியின் ஒட்டுச் சீட்டு, ரசீதுகள் மூன்றையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். கடல் காற்றில் வெப்பத்தாள் ரசீது சீக்கிரம் வெளுத்துவிடும்.

கடைசியாக, ஸ்கூட்டர். இதில் நான் உங்கள் பக்கம். கணவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சொந்த நாட்டில் இருசக்கர வாகன உரிமம் இருக்கிறதா? அந்த நாடு ஏற்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கையில் இருக்கிறதா? பயணக் காப்பீட்டில் இருசக்கர வாகன விபத்து சேர்ந்திருக்கிறதா? கார் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தட்டிக்கழிக்க அது ஒன்றே போதும். கால் முறிந்து வேறொரு தீவின் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அந்த பில் இந்த விடுமுறையின் மொத்தச் செலவையும் தாண்டிப் போகும். மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக எடுக்கட்டும். ஆனால் பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நகலும் டெபாசிட்டும் போதும் என்கிற கடையில் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஒவ்வொன்றாக வீடியோ பிடித்த பிறகு சாவியை வாங்குங்கள். ஒரு கேள்விக்கு இல்லை என்றாலும் டாக்சிதான் மலிவு.