கல்லாவில் ஐம்பது ரூபாய் எங்கே?

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ராத்திரி கல்லாவை எண்ணினால் தினமும் 40, 50 ரூபாய் குறைகிறது. கடைப் பையனைச் சந்தேகப்படலாமா அண்ணே?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: அவசரப்படாதீர்கள் தங்கச்சி. மதுரை கீழ மாசி வீதியில் 22 வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். காலையில் சில்லறைக்கென்று போடும் பணத்தை எழுதி வைக்கிறீர்களா? அதோடு ரொக்க விற்பனையைக் கூட்டி, எடுத்த செலவைக் கழித்தால் வருவதுதான் பெட்டியில் இருக்க வேண்டிய தொகை. டீக்கும் சுமை இறக்கியவருக்கும் கொடுத்தது சீட்டில் ஏறவில்லையென்றால், அந்த 50 ரூபாய் அங்கேதான் போயிருக்கும். ஜிபேயில் வந்ததை ரொக்கமாக எழுதினாலும் துண்டு விழும்.

அப்புறம், மீதி கொடுத்து முடிக்கும்வரை வாங்கிய தாளைப் பெட்டிக்குள் போடாதீர்கள்; எடைக்கல்லுக்கு அடியில் வையுங்கள். ஒரு பொங்கல் கூட்டத்தில் 100 ரூபாயை வாங்கி உடனே உள்ளே போட்டுவிட்டேன். ‘500 கொடுத்தேன்’ என்று சாதித்தார் அந்த ஆள். 400 ரூபாய் என் சம்பளத்தில் பிடித்தம்!

பத்து ரூபாய் நாணயம் வந்தால் தயங்காமல் வாங்குங்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் மட்டும் நீட்டாதீர்கள், அது தனிக் கணக்குக் குளறுபடி.