‘வடக்கத்திப் பையன்’ என்று எழுதலாமா?

‘வடக்கத்திப் பையன் ஒருத்தன் ராங் சைடுல வந்து மோதப் பார்த்தான்’ என்று நம் சைக்கிள் குழுவின் ரைடு குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். முதல் மூன்று வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். குழுவில் ஆட்சேபம் வந்தது அதற்குத்தான், ராங் சைடுக்கு இல்லை. ‘மோதப் பார்த்தான்’ என்பதும் ஊகம்தான். இப்படி மாற்றலாம்:

‘காலை 5.40, ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோடு. நம் ஓரத்திலேயே எதிரே வந்த ராடு பிரேக் சைக்கிள், லைட் இல்லை. 10 மீட்டர் நெருங்கிய பிறகுதான் தெரிந்தது.’

படிப்பவர் நாளைக்கு அங்கே வேகத்தைக் குறைப்பார், முன் லைட்டைப் போடுவார். ஊரைத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்?

பயந்த நேரத்தில் வண்டியைவிட ஆள்தான் மனசில் நிற்கும். அப்படியே எழுத்திலும் வந்துவிடுகிறது. எதிரே வருபவர்கள் பெரும்பாலும் சாலை நடுத்தடுப்பில் திரும்புவதற்கான திறப்பு தள்ளி இருப்பதால் வருகிறார்கள். கேபிளுக்குப் பதில் கம்பியால் பிரேக் பிடிக்கும் அந்தப் பழைய வகை வண்டியின் இரும்பு ரிம் நனைந்திருந்தால் பிரேக்கும் சட்டென்று பிடிக்காது. குறிப்பில் இருக்க வேண்டியவை இவை.

ஒரு சோதனை: ‘வடக்கத்திப் பையன்’ இருந்த இடத்தில் ‘ஐ.டி. மேனேஜர்’ என்று போட்டுப் படியுங்கள். சம்பந்தமில்லாமல் ஒலித்தால் பழைய வார்த்தைக்கும் அங்கே வேலையில்லை. பால்காரர், வாட்ச்மேன், இறுக்கமான சைக்கிள் உடையை வைத்து நம்மைச் சொல்லும் ‘லைக்ரா கும்பல்’ எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தொழில் சில சமயம் அவசியம். டெலிவரி பை சீட்டுக்குக் கீழே உள்ள லைட்டை மறைத்திருந்தால் பையைச் சொல்லத்தான் வேண்டும். மோதிவிட்டு நிற்காமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்கும்போது வயது, உயரம், சட்டை நிறம், சைக்கிள் நிறம், போன திசை எல்லாம் எழுதுங்கள்.