மரவேலைப் பிரிவின் எதிர்காலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கீழக்கரைக்கு அருகிலுள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் பதினான்கு ஆண்டுகளாக மரவேலைப் பயிற்றுநராக இருக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் சான்றிதழ்ப் பிரிவில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர்தான். பிரிவின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை முடிவு செய்ய நிர்வாகக் குழு மார்ச் மாதம் கூடுகிறது. 'இன்டீரியர் டிசைன்' என்று பெயர் மாற்றி, கைக்கருவிகளை ஏலம் விட்டு, கணினி வழி இயங்கி மரத்தைச் செதுக்கும் ஒரு சி.என்.சி. ரவுட்டர் வாங்கலாம் என்பது ஒரு தரப்பு. பிரிவையே மூடிவிட்டு இடத்தைக் கணினி வகுப்புக்குத் தரலாம் என்பது மற்றொரு தரப்பு. படகெல்லாம் பைபர் ஆகிவிட்ட பிறகு இந்தக் கரையில் தச்சு எதற்கு என்று என் மாணவர் ஒருவரே கேட்டார். தாங்கள் தேவிபட்டினத்தில் வளர்ந்தவர் என்பதால் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

மூட வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை நீங்கள் குழுவின் முன் வைக்கத்தக்க வகையில் எழுத முயல்கிறேன்.

உங்கள் மாணவரின் கேள்வியைத்தான் குழுவும் கேட்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வத்தை, வல்லம் போன்ற நாட்டுப் படகுகளை மரத்தில் கட்டுவது அருகிவிட்டது உண்மைதான். ஆனால் வெளிப்பொறி (வெளியே மாட்டும் எஞ்சின்) பொருத்திய பைபர் படகில், அந்த எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது பிளைவுட். மேற்பூச்சில் விழுந்த சிறு கீறல் வழியே உப்புநீர் இறங்கி அந்தப் பலகை உளுத்துவிட்டால், எஞ்சின் பிடிமானம் இழந்து ஆடத் தொடங்குகிறது. மர விசைப்படகுகளுக்கோ, கப்பல்புழு துளைக்காதிருக்க வெளியே பைபர் உறை போடுகிறார்கள். ஈரம் காயாத பலகைமேல் போட்ட உறை சில மாதங்களிலேயே உரிந்து வருவதை இக்கரையில் பலரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வேலைக்கும் மரத்தையும், பைபரை ஒட்டி இறுக்கும் பிசினையும் ஒருசேர அறிந்த ஆள் வேண்டும். இன்று தச்சர் வந்து ஒரு பாதியைச் செய்துவிட்டுப் போகிறார், பைபர்காரர் வந்து மறுபாதியைச் செய்கிறார், படகு ஒழுகினால் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்கிறார்கள். இவ்விரு வேலைகளையும் ஒரே கையில் சேர்க்கும் ஒரு பாடத்தை உங்கள் கல்லூரி தொடங்குமானால், அதைப் படித்த மாணவரைத் தேடிப் படகுக்காரர்களே வருவார்கள்.

அடுத்தது, ஆண்டை எப்படிப் பகுப்பது என்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில்தான் படகுகளைக் கரையேற்றி, உளுத்த பலகையைப் பெயர்த்து, கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைத்து), வண்ணம் பூசுகிறார்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் தச்சர் கிடைக்காமல் உரிமையாளர்கள் அலைகிற காலம் அது. நம் கல்லூரிகளுக்கோ அது தேர்வும் விடுமுறையுமாகக் கழிகிறது. ஜூலையில் சேர்க்கை, மார்ச் இறுதிக்குள் வகுப்பறைப் பாடமும் தேர்வும், தடைக்காலம் முழுவதும் பயிற்றுநரின் மேற்பார்வையில் ஊதியத்தோடு படகுத்துறை என்று அமைத்துப் பாருங்கள். சேர்க்கை குறைந்ததற்கு, படிக்கும் ஓராண்டில் வீட்டுக்கு ஒரு ரூபாயும் வராது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படகுத்துறையில் கற்பிக்க வேண்டியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். படகின் விலா எலும்பு போன்ற வங்குக்கு வேண்டிய வளைவைக் கண்ணாலேயே கணித்து, நாட்டுக் கருவேல மரத்தில் அதற்கேற்ற கிளையைத் தேர்ந்தெடுக்கும் முதியவர்களுக்குச் சான்றிதழ் ஏதும் கிடையாது என்பதற்காக அவர்களை விருந்தினராக மட்டும் அழைக்காதீர்கள். வேறொரு நிறுவனத்தில் அப்படிப்பட்ட ஓர் ஆசாரியை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, பேருந்துச் செலவுகூடக் கொடுக்காமல் அனுப்பியதை நான் நேரில் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். மணிக்கணக்கில் ஊதியம் தந்து, கால அட்டவணையில் அவர் பெயரைப் போடுங்கள். 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கியதே, படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு, அந்தந்த ஊரின் தேவைக்கேற்பப் பாடத்தை அமைப்பதற்காகத்தான் என்பதைக் குழுவுக்கு நினைவூட்டலாம்.

சி.என்.சி. ரவுட்டரை நான் வெறுக்கவில்லை. கதவுச் செதுக்கு வேலை பெருமளவு அதற்குப் போய்விட்டது, உங்கள் மாணவர்கள் அதை அறிந்திருக்கவே வேண்டும். ஆனால் அதை முதலில் வாங்குவது தவறு. முதலில் ஒரு பேண்ட் சா (பட்டை வாள் இயந்திரம்), ஒரு பிளானர் (இழைப்பு இயந்திரம்), இவற்றோடு தூசி உறிஞ்சும் அமைப்பு வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றுக்கான முதல் வகையில் சேர்த்துவிட்டது. அப்படியிருந்தும் நம் பட்டறைகளில் பிள்ளைகள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தூசி அமைப்புக்கு நிதியில்லை என்றால் இயந்திரத்துக்கும் நிதியில்லை என்றே நான் கொள்வேன். இழைப்புளியையும் உளியையும் எக்காரணம் கொண்டும் ஏலம் விடாதீர்கள். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கைக்கு முதலில் உணர்த்துவது இழைப்புளிதான், அதை அறியாதவர் இயந்திரத்திலும் பலகையைப் பிய்ப்பார். நான் படித்த பள்ளியில் கைத்தொழில் வகுப்பை ஒரு கோடையில் நிறுத்தி, கருவிகளை எடைக்குப் போட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் தொடங்க விரும்பியபோது இருந்தது வெறும் கொட்டகை மட்டுமே.

மரம் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அகற்ற வேண்டும் என்று உயர்நீதிமன்றமே உத்தரவிட்ட சீமைக் கருவேலம் நம் மாவட்டம் முழுக்க நிற்கிறது. நாம் அதைக் கரியாக்குகிறோம். நீண்ட பலகை கிடைக்காது, ஆனால் கடினமானது, காய்ந்தால் அதிகம் சுருங்காதது. கருவிப்பிடிக்கும், முக்காலிக்கும், தரைப்பலகைத் துண்டுக்கும் முதல் பருவப் பயிற்சி மரமாக அதையே எடுத்துக்கொண்டால் மரவாடிக்குக் கொடுக்கும் தொகை குறையும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களையும் மறக்க வேண்டாம். அங்கே கான்கிரீட்டுக்குப் பலகையடிக்கும் ஷட்டரிங் கார்பென்டர் வேறு, கதவும் அலமாரியும் செய்பவர் வேறு. இரண்டாமவராகச் செல்லும் தகுதியோடு நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். பெண்களையும் சேருங்கள். பிசின் வேலையிலும் மெருகு வேலையிலும் அவர்களுக்கு உடனடியாக இடம் உண்டு.

கூட்டத்துக்கு முன் குழு உறுப்பினர்கள் இரண்டு பேரையாவது மண்டபம் படகுத்துறைக்கு அழைத்துச் சென்று, உளுத்த பின்பலகை ஒன்றைக் காட்டுங்கள். நாளைக் குறித்து எனக்கு எழுதினால் நானும் வருகிறேன்.

அன்புடன்.