பருத்தித்துறையில் வீடு: நிலநடுக்கத்துக்குப் பயப்பட வேணுமா?

கேள்வி: பருத்தித்துறையில் கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றருக்குள் ஒரு காணி பார்த்திருக்கிறோம். இந்தோனேசியாவில் நிலம் ஆடியது என்று செய்தி வரும்போதெல்லாம் வீட்டில் பயம். இங்கேயும் அப்படி வருமா? அத்திவாரத்துக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேணுமா?

பதில்: காணியைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது நிலத்துக்கு அல்ல, கடலுக்கு.

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிளந்து கிடக்கிறது. அவை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகர்கின்றன. பெரிய நிலநடுக்கங்களில் பெரும்பாலானவை இவற்றின் விளிம்புகளில்தான் வருகின்றன. யாழ்ப்பாணம் இருப்பதோ இந்தியத் தட்டின் உட்பகுதியில். வடக்கே அந்தத் தட்டு ஆசியாவோடு மோதி இமயமலையை இன்னும் உயர்த்திக்கொண்டிருக்கிறது. கிழக்கே, அந்தமான் சுமாத்திரா ஓரமாக, பக்கத்துத் தட்டுக்கு அடியில் புகுந்து இறங்குகிறது. அந்த விளிம்பு உங்கள் காணியிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். உட்பகுதியில் ஆட்டமே வராது என்று சொல்லமாட்டேன். 2001இல் குஜராத்தின் பூஜ் பகுதியை நொறுக்கிய நிலநடுக்கம் விளிம்பிலிருந்து தள்ளித்தான் வந்தது. ஆனாலும் தூண்களுக்கும் பீம்களுக்கும் கம்பியைச் சரியாகக் கட்டுகிற நல்ல மேசன் கிடைத்தால், அதற்கு மேல் இந்தப் பயத்துக்காகப் பணத்தைப் புதைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கடலுக்கு வருவோம். கீழே இறங்கும் தட்டு சும்மா வழுக்கிப் போவதில்லை. மேல்தட்டின் ஓரத்தையும் பிடித்துக் கீழே இழுக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அந்த ஓரம் வளைந்துகொண்டே போய், ஒரு நாள் பிடி விட்டதும் மேலே எகிறுகிறது. 2004 டிசம்பர் 26 காலை 9.1 அளவு நிலநடுக்கத்தில் நடந்தது இதுதான். ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குக் கடலடி அசைந்தது. அது தூக்கிய தண்ணீர்தான் சுனாமியாக வந்து, பருத்தித்துறை உள்ள வடமராட்சிக் கரையை அடித்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் ஆடியபோதும் நம் கரையோரச் சனம் ஓடியது. அலை பெரிதாக வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடலடி அதிகம் உயரவில்லை. அதற்காக அடுத்த முறை எந்த வகை என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எச்சரிக்கை வந்தால் கிளம்புங்கள்.

சுமாத்திராப் பக்கமிருந்து அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அங்கே ஆடுவது உங்கள் வீட்டில் தெரியாமலே போகலாம், ஆகவே ஆட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐக் கைபேசியில் போட்டு வையுங்கள். கரையோர வீதியில் அல்ல, உள்நோக்கிப் போகும் ஒழுங்கையில் ஒருமுறை நடந்து பாருங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் பார்க்கப் போகாமல் ஓடுங்கள். முதல் அலையோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பியும் வராதீர்கள். பின்னால் வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

அத்திவாரத்துக்குக் கூடுதலாக ஒதுக்க நினைத்த பணத்தை மண்ணைச் சோதிக்கச் செலவிடுங்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துப் பொந்தாக்கும். நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதுதான். காணியில் எங்காவது நிலம் தாழ்ந்திருக்கிறதா, அயலில் கிணறு வெட்டும்போது பொந்து தட்டுப்பட்டதா என்று விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் துளையிட்டுப் பார்த்த பிறகே அத்திவாரத்துக்கு வாணம் வெட்டுங்கள். மலகூடக் குழியையும் கிணற்றிலிருந்து தூரத் தள்ளி வையுங்கள். இந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் அழுக்கு வடிபடாமலே நிலத்தடி நீரில் கலந்துவிடும்.