முதல் புல்-அப் எப்போது வரும்?

கேள்வி: கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பை இழுத்து ஏற்றும் புல்-அப்புக்காக மூன்று மாதமாகக் கம்பியில் தொங்குகிறேன். முழங்கை லேசாக மடங்குவதோடு சரி, உடம்பு மேலே போக மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஏற முடியாவிட்டால் இறங்கப் பழகுங்கள். தசைக்கு எடையைத் தூக்குவதைவிட மெல்ல இறக்கும்போது பலம் அதிகம், அதனால் ஒரு முறைகூட ஏற முடியாதவரும் இறங்கிப் பழகலாம். ஆடாத முக்காலி மீது ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, 5 விநாடி எண்ணியபடி கை முழுக்க நீளும்வரை இறங்குங்கள். பாதி வழியில் சட்டென்று விழத் தோன்றும், அந்த இடத்தில்தான் நீங்கள் பலவீனம், அங்கேதான் பிடித்து நிறுத்த வேண்டும். 3 முதல் 5 முறை போதும், வாரம் 2 அல்லது 3 நாள். தினமும் செய்தால் முழங்கைதான் முதலில் வலிக்கும்.

அப்புறம் தோள்பட்டை. சும்மா தொங்கிக்கொண்டு, கையை மடக்காமல், தோளைக் காதிலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். உடம்பு ஓரிரு அங்குலம் எழும். புல்-அப் தொடங்குவதே இங்கேதான், நீங்கள் கையால் மட்டும் இழுப்பதாகத்தான் தெரிகிறது. தாழ்வான கம்பிக்கு அடியில் சாய்ந்து படுத்து நெஞ்சைக் கம்பியை நோக்கி இழுக்கும் ‘ரோ’ என்ற பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை முகத்தைப் பார்க்கும் பிடியில், அதாவது சின்-அப்பில், புஜத் தசை கூடுதலாக உதவுவதால் பெரும்பாலும் அதுதான் முதலில் வரும். அதையே முதலில் முயலுங்கள், தயங்க வேண்டாம்.